வௌவால்களும் டி.என்.ஏ. பார்கோடும்

பாலூட்டிகளில் எலி, அணில் வகைகளை உள்ளடக்கிய கொறிப்பான்களுக்கு அடுத்தபடியாக அதிகச் சிற்றினங்களைக் கொண்டவை வௌவால்கள். இதுவரை பெயரிடப்பட்ட பாலூட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவையே. 1,400க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் புதியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தும், எது எந்தச் சிற்றினம் என்று பிரித்துச் சொல்வது மற்ற விலங்குகளைக் காட்டிலும் வௌவால்களில் கடினம். இரவில் பறப்பவை, மனிதர் காதுக்கு எட்டாத மீயொலியில் பேசுபவை, பகலில் குகையிலும் மரப்பொந்திலும் பாழடைந்த கட்டடத்திலும் ஒளிந்திருப்பவை. கையில் கிடைத்தாலும் பழுப்பு மயிர், மெல்லிய தோல், சிறிய கண் என்று பல சிற்றினங்கள் ஒன்றுபோலவே தோன்றும்.

வௌவாலை அடையாளம் காண உடலளவுகளே நெடுங்காலம் துணையாக இருந்தன. முன்கை எலும்பின் நீளம் முதல் அளவு. பிறகு காதின் வடிவம், காதுத் துளையின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மடல், மூக்கின் மேலுள்ள இலை போன்ற தசைமடிப்பு, பல்வரிசை, மண்டையோட்டின் நீள அகலம் ஆகியவை பார்க்கப்படும். சில பேரினங்களில் ஆண்குறி எலும்பின் வடிவத்தைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இங்கேதான் சிக்கல். மண்டையோட்டையும் அந்த எலும்பையும் அளக்க விலங்கு உயிரோடு இருக்கக் கூடாது. இன்றைய கள ஆய்வில் வௌவாலைப் பிடித்து, அளந்து, மீண்டும் பறக்கவிடுவதே வழக்கம். அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு சிற்றினங்கள் ஒரே குகையில் இருந்தால், அனுபவம் மிக்க ஆய்வாளரும் தயங்குவார். குட்டியோ, அழுகிய உடலோ, சிறகின் ஒரு துண்டோ மட்டும் கிடைத்தால் பழைய முறை பெரும்பாலும் கைவிட்டுவிடும்.

இந்த இடத்தை நிரப்ப வந்த முறைகளில் முதன்மையானது டி.என்.ஏ. பார்கோடு. 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் இந்த யோசனையை முன்வைத்தனர். விலங்கின் மொத்த மரபணுத் தொகுதியையும் படிக்கத் தேவையில்லை. ஏறத்தாழ எல்லா விலங்குகளிலும் இருக்கும் ஒரே ஒரு மரபணுவின் குறிப்பிட்ட சிறு பகுதியைப் படித்தால் பெரும்பாலான சிற்றினங்களைப் பிரித்துவிடலாம் என்பதே அதன் சாரம். கடையில் பொருளின் மேலிருக்கும் கறுப்புக் கோடுகளை இயந்திரம் படித்துப் பொருளின் பெயரைச் சொல்வதுபோல, ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வேதி எழுத்துகளின் வரிசை சிற்றினத்தின் பெயரைச் சொல்லிவிடும் என்ற எண்ணத்தில்தான் அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மரபணு, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நொதியின் முதல் துணை அலகுக்கானது. சுருக்கமாக அதை சி.ஓ.ஐ. என்பர். உயிரணு மூச்சுவிட்டு ஆற்றல் பெறும் வேலையில் இந்த நொதிக்கு நேரடிப் பங்கு உண்டு. ஆகவே இது இல்லாத விலங்கு மிக அரிது. பார்கோடாகப் படிக்கப்படுவது அந்த மரபணுவின் தொடக்கப் பக்கத்தில் உள்ள 648 எழுத்துகள். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் அது 216 அமினோ அமிலங்களுக்கான குறிப்பு.

இந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. உட்கருவில் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள்தான் இருக்கும், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வோ ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். அதனால் காய்ந்த எச்சத்திலும் பழைய தோலிலும்கூட அதை மீட்டெடுக்கும் வாய்ப்பு அதிகம். பாலூட்டிகளில் அது உட்கரு டி.என்.ஏ.வைவிட விரைவாக மாறுகிறது; ஆகவே பிரிந்து அதிகக் காலம் ஆகாத சிற்றினங்களுக்கு இடையிலும் வேறுபாடு தென்படும். அதேசமயம் புரதத்தின் வேலை கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்பதால் மரபணுவின் சில பகுதிகள் அதிகம் மாறுவதில்லை. மாற்றங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு மூன்று எழுத்துக் குறியின் கடைசி எழுத்தில் நிகழ்கின்றன. அந்த எழுத்து மாறினாலும் பல நேரங்களில் அதே அமினோ அமிலமே உருவாகும். மாறாத பகுதிகளைப் பிடித்துக்கொண்டு மாறும் பகுதிகளைப் படிக்கலாம் என்பதுதான் இந்த முறையின் முழு உத்தி.

வேலை காட்டில் தொடங்குகிறது. வௌவால் செல்லும் வழியில் மெல்லிய நைலான் வலை கட்டப்படும். அல்லது செங்குத்தாக இழுத்துக் கட்டிய இழைகளில் மோதிக் கீழே உள்ள பைக்குள் வழுக்கி விழும் யாழ் வடிவப் பொறி வைக்கப்படும். பிடிபட்ட வௌவாலின் சிறகுத் தோலிலிருந்து மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துண்டு எடுக்கப்படுகிறது. சிறகுத் தோல் ஆறும் திறன் வாய்ந்தது. சில வாரங்களில் துளை மூடிக்கொள்ளும். துண்டு ஆல்கஹாலில் இடப்படும் அல்லது சிலிக்கா மணிகளோடு உலர வைக்கப்படும். ஆய்வகத்தில் திசுவைக் கரைத்து டி.என்.ஏ. பிரிக்கப்படுகிறது. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பி.சி.ஆர். முறையே இங்கும் பயன்படுகிறது. 648 எழுத்துப் பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டிக்கொள்ளும் பிரைமர் என்னும் குறுந்துண்டுகளைச் சேர்த்து, அந்தப் பகுதி மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கப்படும். பிறகு இயந்திரம் எழுத்து வரிசையைப் படித்துக் கொடுக்கும். இவ்வளவும் இன்று ஒரு சாதாரணப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்யக்கூடியவை.

எழுத்து வரிசை கையில் வந்துவிட்டால் மட்டும் பெயர் வந்துவிடாது. ஒப்பிட ஒரு நூலகம் வேண்டும். அதற்காக போல்ட் என்னும் இணையத் தரவகம் குவெல்ஃபில் உருவாக்கப்பட்டு, 2007இல் முறையாக அறிமுகமானது. அதில் ஒரு பார்கோடு சேர்க்கப்படும்போது, விலங்கு பிடிபட்ட இடம், நாள், அடையாளம் கண்டவர், மூல மாதிரி வைக்கப்பட்டுள்ள அருங்காட்சியகம் ஆகிய விவரங்களும் இணைக்கப்படுகின்றன. புதிய வரிசை எந்தப் பழைய வரிசைக்கு மிக நெருக்கமாக இருக்கிறது என்று கணினி பார்க்கும். ஒரே சிற்றினத்துக்குள் உள்ள வேறுபாடு சிறிதாகவும், அடுத்த சிற்றினத்தோடு உள்ள வேறுபாடு பெரிதாகவும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி தெரியும். பார்கோடு முறை நிற்பதும் விழுவதும் இந்த இடைவெளியைப் பொறுத்ததே.

வௌவால்களில் அந்த இடைவெளி உண்மையில் உண்டா என்ற கேள்விக்கு முதல் பெரிய விடை தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து கிடைத்தது. எலிசபெத் கிளேர் தலைமையிலான குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டின் 87 சிற்றினங்களைச் சேர்ந்த 840 வௌவால்களின் சி.ஓ.ஐ. வரிசை படிக்கப்பட்டது. 81 சிற்றினங்களில், அதாவது 93 விழுக்காட்டில், சிற்றினத்துக்குள் வேறுபாடு சராசரியாக 0.6 விழுக்காடு மட்டுமே. அதே பேரினத்தின் அடுத்த சிற்றினத்தோடு வேறுபாடு சராசரியாக 7.8 விழுக்காடு. எழுத்துக் கணக்கில் சொன்னால், உறவினருக்குள் நான்கு எழுத்து மாறியிருக்கிறது. அண்டைச் சிற்றினத்தோடு ஐம்பது எழுத்து மாறியிருக்கிறது. குழம்புவதற்கு இடமில்லாத இடைவெளி இது.

எஞ்சிய ஆறு சிற்றினங்கள்தான் அந்த ஆய்வின் சுவையான பகுதி. அவற்றில் ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகிய கிளைகள் இருந்தன. ஒரு சிற்றினம் என்று எண்ணப்பட்டது உண்மையில் பல சிற்றினங்களின் கூட்டாக இருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. கயானாவில் வாழும் டெரோனோட்டஸ் பார்னெல்லி என்னும் மீசை வௌவாலில், மரபணுவில் பிரிந்த இரண்டு கூட்டங்கள் மீயொலியிலும் பிரிந்தே இருந்தன. ஒன்று 53 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் மற்றது 59 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் ஒலி எழுப்பியது. பின்னர் 2018இல், கயானா மேட்டுநிலப் பகுதியின் இந்த வௌவால்களுள் ஒரு கூட்டத்துக்கு டெரோனோட்டஸ் அலிடோனஸ் என்று தனிப்பெயர் சூட்டப்பட்டது. பார்கோடு ஐயத்தைக் கிளப்பியது. ஒலியும் உடலளவும் அதை உறுதிப்படுத்தின. பெயர் பிறகு வந்தது. சரியான வரிசை இதுதான்.

இப்படி ஒரே தோற்றத்துக்குள் மறைந்திருக்கும் இனங்களை மறைசிற்றினங்கள் என்பர். வௌவால்களில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பார்கோடு முறை தோன்றுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஐரோப்பா எங்கும் பரவலாக உள்ள பிப்பிஸ்ட்ரெல் என்னும் ஐந்து கிராம் எடையுள்ள சிறு வௌவால், பிரிட்டனில் இரண்டு விதமாக ஒலி எழுப்புவது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஒரு கூட்டம் 45 கிலோஹெர்ட்ஸ், மற்றொன்று 55 கிலோஹெர்ட்ஸ். 1997இல் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவைப் படித்தபோது இரண்டுக்கும் இடையே 11 விழுக்காட்டுக்கும் மேல் வேறுபாடு இருந்தது. வீட்டுக் கூரைகளில் குடியிருந்து, நூற்றாண்டுகளாக மனிதர் கண்ணில் பட்டுவந்த விலங்கு ஒன்றல்ல, இரண்டு! இன்று அவை பிப்பிஸ்ட்ரெல்லஸ் பிப்பிஸ்ட்ரெல்லஸ், பிப்பிஸ்ட்ரெல்லஸ் பிக்மேயஸ் என்ற தனித்தனிச் சிற்றினங்கள். ஐரோப்பாவிலேயே இந்த நிலை என்றால், ஆய்வு குறைவாக நடந்துள்ள வெப்பமண்டலத்தில் மறைந்திருப்பவை எவ்வளவோ.

தென்னிந்தியாவும் இலங்கையும் இதற்குச் சான்று. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் செம்பழுப்புக் குதிரைலாட வௌவாலான ரைனோலோபஸ் ரூக்ஸியிலும் ஏறத்தாழ 80 கிலோஹெர்ட்ஸ், 90 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிவகைகள் உண்டு என்பது தெரிந்திருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் சார்ந்த ஆய்வாளர்கள் மரபணு, ஒலி, உடலளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்து, அவை உடன்பிறப்புச் சிற்றினங்கள் என்று காட்டினர். புதியதற்கு ரைனோலோபஸ் இண்டோரூக்ஸி என்ற பெயர் முன்மொழியப்பட்டது. 2022இல் இலங்கை ஆய்வாளர்களின் குழு, சி.ஓ.ஐ. பார்கோடையே முதன்மைக் கருவியாகக் கொண்டு, இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் நீள்விரல் வௌவால்களுக்குள் மறைந்திருந்த ஒரு சிற்றினத்தை வெளிக்கொணர்ந்தது. இலங்கையின் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் விரிவான நூல் எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸின் நினைவாக அதற்கு மினியோப்டெரஸ் பிலிப்சி என்று பெயரிடப்பட்டது. நீரிணையின் இரு கரையிலும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டுவந்த விலங்கை மறுபடி எண்ணிப் பார்க்க வைத்த கண்டுபிடிப்பு இது.

உயிருள்ள வௌவாலைத் தொடாமலே அடையாளம் காணும் வழியையும் இதே முறை திறந்துவிட்டது. குகைத் தரையில் கிடக்கும் எச்சத்தில் வௌவாலின் குடல் உயிரணுக்களும் கலந்திருக்கும். ஆனால் எச்சத்திலுள்ள டி.என்.ஏ. வெப்பத்தாலும் ஈரத்தாலும் துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும்; 648 எழுத்தும் முழுதாகக் கிடைப்பது அரிது. அதற்காகக் குறும்பார்கோடு என்னும் முறை வந்தது. அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முறையில், சி.ஓ.ஐ. மரபணுவின் 202 எழுத்துகளே போதும்; பூச்சிகளின் டி.என்.ஏ.வை விட்டுவிட்டு வௌவாலுடையதை மட்டும் பெருக்கும்படி பிரைமர்கள் அமைக்கப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட சுரங்கத்தை மூடுவதற்கு முன்னால், அதில் எந்த வௌவால் தங்கிச் சென்றது என்று எச்சத்தைக் கொண்டே அறியலாம். வௌவால்கள் இடம்பெயர்ந்து போயிருந்தாலும் அவை விட்டுச்சென்ற எச்சம் பேசும். குட்டி போட்டு வளர்க்கும் காலத்தில் கூட்டத்தைக் கலைத்தால் குட்டிகள் விழுந்து இறக்கும் என்பதை நினைத்தால், தொடாமல் அறியும் இந்த வழியின் அருமை புரியும்.

அதே எச்சத்தைப் பூச்சிகளுக்கான பிரைமரால் படித்தால் வௌவால் என்ன தின்றது என்பதும் தெரியும். வட அமெரிக்காவின் செவ்வௌவால் பற்றி 2009இல் வெளியான ஓர் ஆய்வு, அதன் இரையில் 127 வகைப் பூச்சிகளை இவ்வாறு கண்டெடுத்தது. மென்று அரைக்கப்பட்ட இறக்கைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறையால் இந்த நுட்பத்தை எட்டவே முடியாது. வயலை அழிக்கும் அந்துப்பூச்சிகளை எந்த வௌவால் தின்கிறது என்று உழவருக்குச் சொல்லவும் இதே வழிதான். காற்றாலைகளின் கீழே விழுந்து அழுகிக் கிடக்கும் உடல்களுக்கும், விமானத்தில் மோதிச் சிதறிய மிச்சத்துக்கும் பெயர் கொடுக்கும் வேலையிலும் டி.என்.ஏ. இன்று வழக்கமான கருவியாகிவிட்டது.

ஆயினும் ஒரே மரபணுவை நம்பித் தீர்ப்புச் சொல்வதில் ஆபத்து உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே குட்டிக்குச் செல்கிறது. தந்தைவழி வரலாறு அதில் பதிவாவதே இல்லை. வௌவால்களில் இது பெரிய குறை. ஏனென்றால் பல சிற்றினங்களில் பெண் பிறந்த இடத்தை விட்டு அகலாது, ஆணே வெளியே போய்க் கலக்கும். அப்போது இரண்டு குகைகளின் பெண்வழி வரிசைகள் காலப்போக்கில் விலகிக்கொண்டே போகும். ஆண்வழியில் மரபணுக்கள் தடையின்றிக் கலந்துகொண்டே இருக்கும். பார்கோடை மட்டும் பார்த்தால் இரண்டு சிற்றினம் என்று தோன்றும், உண்மையில் ஒன்றுதான். எலிசபெத் கிளேரே இதைச் சோதிக்க முனைந்தார். அமெரிக்க வெப்பமண்டலத்தின் எட்டு வௌவால்களில், தாய்வழிப் பார்கோடையும் ஆணின் ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிலவற்றில் இரண்டும் ஒரே கதையைச் சொல்லின, சிலவற்றில் சொல்லவில்லை.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. ஐரோப்பாவின் பெரிய எலிக்காது வௌவாலும் சிறிய எலிக்காது வௌவாலும் மண்டையோட்டிலும் உட்கரு மரபணுவிலும் தனித்தனி இனங்கள். ஆனால் ஆசியாவிலிருந்து பரவிவந்த சிறியது, என்றோ நடந்த கலப்பால் பெரியதன் மைட்டோகாண்ட்ரியாவைப் பெற்றுவிட்டது. ஐரோப்பாவில் இவ்விரண்டையும் மைட்டோகாண்ட்ரியாவால் பிரிக்க முடியாது. செரோடின் வௌவாலும் வடக்கு வௌவாலும் அங்கே இதே நிலையில்தான் உள்ளன. பார்த்தவுடன் பிரித்துவிடக்கூடிய இரண்டு விலங்குகளை மரபணுத் துண்டு ஒன்றாகக் காட்டுகிறது. இத்தகைய இடங்களில் உட்கரு மரபணுக்களையும் படிக்காமல் முடிவு சொல்லக் கூடாது.

ஆய்வக அளவிலும் கவனம் தேவை. பரிணாமப் போக்கில் மைட்டோகாண்ட்ரியாவின் சில துண்டுகள் உட்கருவுக்குள் நகல் எடுக்கப்பட்டுச் செயலிழந்து கிடக்கின்றன. பி.சி.ஆர். தவறுதலாக அந்தப் போலியைப் பெருக்கிவிட்டால், இல்லாத சிற்றினம் ஒன்று இருப்பதாகத் தோன்றும். வரிசையின் நடுவே புரதத்தை நிறுத்தும் குறி வந்தாலோ, எழுத்து விடுபட்டு மூன்றின் கணக்குத் தவறினாலோ அது போலி என்று கண்டுகொள்ளலாம். ஒரு வரிசை இத்தனை விழுக்காடு விலகினால் புதிய சிற்றினம் என்று ஒரே எல்லையை எல்லா வௌவாலுக்கும் வைப்பதும் சரியல்ல. இரண்டு விழுக்காடு என்பது முதற்கட்டச் சல்லடையாகப் பயன்படலாம், தீர்ப்பாக அல்ல.

இவை எல்லாவற்றையும்விட அடிப்படையானது நூலகத்தின் தரம். முதலில் பார்கோடு எடுக்கப்பட்ட விலங்குக்குத் தவறான பெயர் ஒட்டப்பட்டிருந்தால், பின்னால் வரும் ஒவ்வோர் ஆய்வும் அதே தவறைத் திரும்பச் சொல்லும். மேகமலையின் கதை இங்கே பொருந்தும். 1948இல் ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் சேகரித்த ஒரு பழந்தின்னி வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்ற பெயரில் இருந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை மீண்டும் ஆராய்ந்து, அது முற்றிலும் புதிய பேரினம் என்று கண்டார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரால் அது லாட்டிடென்ஸ் சாலிமாலி ஆனது. 1993இல்தான் அது மறுபடியும் உயிரோடு கண்டறியப்பட்டது. தவறான பெயரில் இருந்த காலத்தில் யாரேனும் அதன் மரபணுவைப் படித்து வைத்திருந்தால், அந்தத் தவறும் சேர்ந்தே நூலகத்தில் ஏறியிருக்கும். திருத்த முடிந்ததற்குக் காரணம், மாதிரி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்ததுதான். ஆகவே ஒவ்வொரு பார்கோடுக்கும் பின்னால், யாரும் திரும்பப் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரி இருக்க வேண்டும்.

பெயர் சரியாக இருப்பது வெறும் பட்டியல் வேலையல்ல. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் நெடுங்காலம் தீங்குயிர்ப் பட்டியலில் கிடந்தன. சாலிம் அலியின் வௌவால் மட்டும் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இடம்பெற்றது. ஒரே தோட்டத்தில் பறக்கும் இரண்டு விலங்குகளில் ஒன்றைக் கொல்லலாம், மற்றொன்றைத் தொட்டால் சிறை என்பது பெயரை வைத்தே முடிவானது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தீங்குயிர்ப் பட்டியலை நீக்கியது. நோய் ஆய்விலும் இதுவே நிலை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது இந்தியப் பெரும் பழந்தின்னி வௌவாலே வைரஸின் இருப்பிடம் என்று கண்டறியப்பட்டது. எந்த வைரஸ் எந்தச் சிற்றினத்தில் தங்குகிறது என்று பிரித்தறியாவிட்டால், குற்றமற்ற கூட்டங்கள் புகை போட்டும் கல்லெறிந்தும் விரட்டப்படுகின்றன.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் அனுமனஹள்ளி என்னும் ஊரில் உள்ள ஒரே ஒரு குகையில்தான் கோலார் இலைமூக்கு வௌவால் வாழ்கிறது. இருநூறுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அதே குகையில் அதன் நெருங்கிய உறவுச் சிற்றினங்களும் தொங்குகின்றன. இத்தகைய இடங்களில் ஒரு மாதிரிக்காகக்கூட ஒரு வௌவாலைக் கொல்ல இனி இடமில்லை. சிறகுத் துளையும் எச்சமும்தான் வழி. தென்னிந்தியாவின் கோயில்களிலும் குகைகளிலும் மலைக்காடுகளிலும் உள்ள வௌவால்களின் பார்கோடுகள், ஒலிப்பதிவோடும் அருங்காட்சியக மாதிரியோடும் இணைத்துத் தொகுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழக விலங்கியல் துறைகளும் வனத்துறையும் சேர்ந்தால் செய்துவிடக்கூடிய பணி இது; குகைகள் கல் குவாரிகளாக மாறுவதற்கு முன்னால் செய்யப்பட வேண்டிய பணியும்கூட.